கெஞ்சவைக்காத உதவி

(மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடிக் கொடுக்கும் கள உத்தியோகத்தர்களும் தொண்டர்களும் பெற்றோரும் இரத்தோட்டையில் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய கூட்டம் என்றால் "அன்பாக இருங்கள், பொறுமையாக இருங்கள்" என்று பேசிக் கைதட்டு வாங்கிக்கொண்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுக் கலைந்து போவது நமது வழக்கம். இம்முறை ஏற்பாட்டாளர்கள் என்னிடம் கேட்டது வேறு. "வேலை தேடிக் கொடுக்கப் போன இடத்தில் நாங்கள் படும் பாட்டைப் பற்றிப் பேசுங்கள். அழுது காரியம் சாதிப்பவர்கள், மிரட்டுகிறவர்கள், ஒருவருக்கு எதிராக இன்னொருவரைத் திருப்பிவிடுகிறவர்கள், இவர்களை எப்படிக் கையாள்வது?" என்றார்கள். வெளிப்படையாகக் கேட்டதற்கு அவர்களைப் பாராட்டுகிறேன். அதே வெளிப்படையோடு பேச முயல்கிறேன். நான் சொல்லப்போகும் ஆட்கள் யாரும் ஒரு தனி ஆளைக் குறிப்பவர்கள் அல்லர். பல இடங்களில், பல வருடங்களில் பார்த்ததைக் கலந்துதான் சொல்கிறேன். பக்கத்து லயத்தில் யார் என்று தேடிப் பார்க்க வேண்டாம்.

நமக்குள் நாம் பேசிக்கொள்ளும் பேச்சு எல்லோருக்கும் தெரியும். "அவன் நடிக்கிறான் மிஸ்." "அந்த அம்மா நாடகம் போடுறாங்க." "கொஞ்சம் இடம் குடுத்தா தலையில ஏறிடுவான் சேர்." இந்தப் பேச்சுக்குப் பின்னால் உண்மையான களைப்பு இருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு வரும் அழைப்பு, "நீங்க கூட வந்தாத்தான் வேலைக்குப் போவேன்" என்ற பிடிவாதம், திரும்பி வராத ஐந்நூறு ரூபாய், நம்மிடம் ஒன்றும் பிரதேச செயலகத்தில் வேறொன்றுமாகச் சொல்லப்படும் கதை, பெண் உத்தியோகத்தரின் தொலைபேசிக்கு வரும் வேண்டாத வாட்ஸ்அப் செய்தி. இதையெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டு அன்பைப் பற்றிப் பேசிப் பயனில்லை. மாற்றுத்திறனாளியை ஏமாற்றுக்காரன் என்பது அவமதிப்பு. அவரைப் பொய்யே சொல்லத் தெரியாத தெய்வக் குழந்தை ஆக்குவதும் அவமதிப்புத்தான். நம் எல்லோரையும் போல அவரும் நல்லதும் கெட்டதும் கலந்த மனிதர்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. விதி எங்கே மங்கலாக இருக்கிறதோ, உதவி எங்கே ஒருவருடைய மனம் வைப்பதைப் பொறுத்து இருக்கிறதோ, அங்கே கெஞ்சலும் மிரட்டலும் விளையும். ஆகவே முதலில் திருத்த வேண்டியது அந்த ஆளின் குணத்தை அல்ல, நாம் உதவி கொடுக்கும் விதத்தை. அதைத் திருத்திய பிறகும் மிஞ்சுவதைக் கையாளத் தனியாகச் சில பழக்கங்கள் வேண்டும்.

இதை இந்த மண்ணில் நின்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மலையக மக்களுக்குக் கேட்டு வாங்கும் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது யார்? 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் பெரும்பான்மையினரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பிரித்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்றது. மிச்சமிருந்தவர்களின் பிரச்சினைக்கு 2003இல்தான் சட்டம் வழி செய்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் உரிமை என்று கேட்க ஓர் இடம் இல்லாத சமூகம் எப்படி வாழ்ந்திருக்கும்? கங்காணியைப் பிடித்து, கணக்கப்பிள்ளையைப் பிடித்து, துரையின் பங்களா வாசலில் கைகட்டி நின்று, தலைவரிடம் கடிதம் வாங்கித்தான் வாழ்ந்தது. யாரிடம் அழ வேண்டும், யாரிடம் புகழ வேண்டும், யாரிடம் சத்தம் போட வேண்டும் என்று தெரிந்தவர் வீட்டில்தான் கூரைத் தகரம் மாறியது. அது பிழைக்கும் அறிவு. அதே அறிவோடு ஒரு தாய் உங்கள் முன்னால் வந்து நிற்கும்போது "நடிக்கிறாள்" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம்.

மாற்றுத்திறனாளிகளின் நிலை இதற்கு மேலே இன்னொரு மாடி. காகிதத்தில் உரிமைகளுக்குக் குறைவில்லை. அரச தொழில்களில் நூற்றுக்கு 3 இடம் ஒதுக்க வேண்டும் என்று 1988இலேயே அரச நிர்வாகச் சுற்றறிக்கை வந்தது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், ஆட்சேர்ப்பில் இயலாமையைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சமவாயத்தில் இலங்கை 2007இல் கையெழுத்திட்டு, 2016இல் அதை ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 27ஆம் உறுப்புரை வேலை செய்யும் உரிமையைப் பற்றியது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதத்தினருக்கு, அதாவது பதினாறு இலட்சத்துக்கும் அதிகமானோருக்கு, பார்வையிலோ செவியிலோ நடையிலோ நினைவிலோ ஏதோ ஒரு சிரமம் இருந்தது. அவர்களில் வேலைக்குப் போகிறவர்கள் சிறு பகுதியினர்தான். சட்டத்தில் உரிமையாக இருப்பது வாசலில் சலுகையாக மாறி நிற்கிறது. சக்கர நாற்காலி கொடுத்தால் படம் எடுக்க வேண்டும், மாலை போட வேண்டும், நன்றி சொல்ல வேண்டும். நன்றியை விலையாகக் கேட்டு உதவி செய்கிறவர்கள், அந்த நன்றி பொய்யாக இருக்கிறது என்று குறை சொல்லலாமா?

கிட்டப் போய் ஒன்றைப் பார்ப்போம். இங்கே மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் களஞ்சியங்கள் உங்களுக்குத் தெரியும். அப்படி ஓர் இடத்தில், கற்றுக்கொள்ளச் சிரமப்படும் ஓர் இளைஞருக்கு வேலை கிடைக்கிறது. மிளகைச் சுளகில் புடைத்து, காம்பும் தூசும் நீக்கி, சாக்கில் கட்டும் வேலை. கை சுத்தமான வேலைக்காரன் என்று முதலாளிக்கும் திருப்தி. மூன்றாம் வாரம் அம்மா வருகிறார். "பிள்ளைக்கு நேத்து ராத்திரி வலிப்பு வந்துருச்சு மிஸ், இனி அனுப்ப ஏலாது." உத்தியோகத்தர் பதறி வேலையை நிறுத்துகிறார். இரண்டு மாதம் கழித்து இன்னோர் இடம். மறுபடியும் மூன்றாம் வாரம், மறுபடியும் வலிப்பு. கிளினிக் புத்தகத்தைப் பார்த்தால் வலிப்பு பற்றி ஒரு வரி கூட இல்லை. உத்தியோகத்தருக்குக் கோபம் வருவது இயல்பு. "பொய் சொல்லி என்னை அலையவிடுகிறார்" என்று கோப்பை மூடத் தோன்றும்.

கோப்பை மூடாமல் ஒரு கேள்வி கேட்டால் கதை வேறாக விரிகிறது. "அம்மா, தம்பி வேலைக்குப் போனா வீட்டுல என்ன மாறும்னு பயமா இருக்கு?" சற்று நேரம் பேச்சில்லை. பிறகு வருகிறது: "சம்பளம் வாங்குறான்னு தெரிஞ்சா அந்தக் காசை வெட்டிருவாங்கன்னு சொன்னாங்க மிஸ்." அந்தக் காசு என்பது அரசின் அஸ்வெசும நலன்புரித் திட்டம் வழியாக வரும் இயலாமைக் கொடுப்பனவு. முன்பு ஐயாயிரமாக இருந்தது, பிறகு 7,500 ஆகி, 2025இல் 10,000 ரூபாய் ஆனது. அது கிடைக்கக் காத்திருப்போர் பட்டியலில் கிடந்த குடும்பத்துக்கு, நாளை நிற்கக்கூடிய களஞ்சிய வேலையை நம்பி மாதம் தவறாமல் வரும் பணத்தை விடு என்றால் விடுமா? அந்தப் பொய் ஒரு கணக்கு. தவறான கணக்காக இருக்கலாம், ஆனால் கணக்கு. அதற்கு மருந்து அறிவுரை அல்ல. அம்மாவையும் மகனையும் அழைத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போய், சமூக சேவை உத்தியோகத்தர் முன்னால் அந்தக் கேள்வியை நேராகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பதில் சாதகமாக இல்லாவிட்டாலும் தெரிந்து முடிவெடுக்கலாம். இன்னும் ஒன்று: மகனின் சம்பளம் யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். மகன் பெயரில் வங்கிக் கணக்கும், கையில் செலவுக்குச் சிறு தொகையும் இருந்தால், வேலைக்குப் போக ஆசைப்படுகிற முதல் ஆள் அவராகவே இருப்பார்.

சூழ்ச்சி போலத் தெரிகிற இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். மனநோய்க்கு மருந்து எடுப்பவர் காலை ஆறு மணிக்கு எழ முடியாமல் கிடப்பது மருந்தின் மயக்கமாக இருக்கலாம். தலையில் அடிபட்டவர் நேற்றுச் சொன்னதை இன்று மறுத்தால் அது மறதியாக இருக்கலாம். காது கேளாதவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு எதையும் செய்யாமல் இருந்தால், நாம் சொன்னது அவருக்குப் போய்ச் சேரவே இல்லை என்று அர்த்தம். ஆட்டிசம் உள்ள பிள்ளை முகத்துக்கு நேரே "நீங்க பொய் சொல்றீங்க" என்றால் அது மரியாதைக் குறைவு அல்ல. இவற்றையெல்லாம் கேட்டு, விலக்கி, அதற்குப் பிறகுதான் "வேலை காட்டுகிறார்" என்ற முடிவுக்கு வர வேண்டும்.

இனி நம் பக்கம் வருவோம். 1978இல் அமெரிக்க மனநல வைத்தியர் ஜேம்ஸ் குரோவ்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். வைத்தியர்கள் வெளியே சொல்லக் கூசும் ஒன்றை அவர் அதில் சொன்னார்: சில நோயாளிகளைக் கண்டாலே வைத்தியருக்கு வெறுப்பு வருகிறது. அவர்களை நான்கு வகையாகப் பிரித்தார். கையை விடாமல் ஒட்டிக்கொள்பவர், அதிகாரத்தோடு கேட்டு மிரட்டுபவர், உதவியைக் கேட்டுவிட்டு எது கொடுத்தாலும் பலிக்கவில்லை என்று தள்ளுபவர், தன்னையே அழித்துக்கொண்டு எதுவும் இல்லை என்பவர். கட்டுரையின் அருமை அந்தப் பட்டியலில் இல்லை. ஒவ்வொரு வகையும் வைத்தியரிடம் என்ன உணர்ச்சியை எழுப்புகிறது என்று எழுதியதில் இருக்கிறது. ஒட்டிக்கொள்பவரைக் கண்டால் ஒதுங்கத் தோன்றும். மிரட்டுபவரைத் திருப்பி அடிக்கத் தோன்றும். உதவியைத் தள்ளுபவர் நம்மைச் சோர வைப்பார், எனக்கு ஒன்றும் தெரியாதோ என்று நினைக்க வைப்பார். தன்னை அழிப்பவரிடம், சொல்லவே கூசும் அளவுக்கு ஒரு கெட்ட எண்ணம் தலைகாட்டும். நமக்கு வரும் உணர்ச்சி தப்பில்லை, அது ஒரு தகவல். ஒரு வீட்டுப் படியேறும்போதே எரிச்சல் வருகிறது என்றால், போன மாதம் அங்கே எந்த வரம்பை விட்டுக்கொடுத்தோம் என்று யோசிக்கச் சொல்லி அது மணி அடிக்கிறது.

குரோவ்ஸின் கட்டுரைக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 1968இல், ஸ்டீபன் கார்ப்மன் என்பவர் ஒரு முக்கோணம் வரைந்தார். ஒரு மூலையில் பாதிக்கப்பட்டவர், ஒரு மூலையில் காப்பாற்றுபவர், ஒரு மூலையில் துன்புறுத்துபவர். ஆட்கள் இந்த மூலைகளில் இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள் என்றார். நம் களத்தில் இது தினமும் நடக்கிறது. தை மாதம் "மிஸ் எனக்குத் தெய்வம்" என்கிறார். நாம் காப்பாற்றப் புறப்படுகிறோம், நேரம் பாராமல் ஓடுகிறோம், கைக்காசு போடுகிறோம். சித்திரையில் வேலை போய்விடுகிறது, "இவ்வளவு செய்தும் இப்படியா" என்று வெடிக்கிறோம். இப்போது நாம் துன்புறுத்துபவர். வைகாசியில் அவர் மேலிடத்துக்கு முறைப்பாடு எழுதுகிறார். இப்போது நாம் பாதிக்கப்பட்டவர். முக்கோணத்துக்குள் நுழைந்த வாசல் எது? தெய்வம் என்ற பட்டத்தை வாங்கிக்கொண்ட அந்த நாள்தான்.

அந்தப் பட்டத்துக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. இங்கிலாந்தின் கசல் வைத்தியசாலையில் தொம் மெயின் என்ற வைத்தியர் 1957இல் எழுதினார்: சில நோயாளிகளைச் சுற்றித் தாதியர் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். "நான் மட்டும்தான் இவரைப் புரிந்துகொண்டேன், மற்றவர்கள் கல்நெஞ்சர்கள்" என்று ஒரு கட்சி. "அந்தத் தாதியை நோயாளி ஏமாற்றுகிறார்" என்று மறு கட்சி. நோயாளியின் நிலையோ மோசமாகிக்கொண்டே போனது. நம்மிடம் இது எப்படி வரும்? "மற்ற மிஸ் சரியில்ல, நீங்க மட்டும்தான் மனுசரா மதிக்கிறீங்க" என்று வரும். கேட்க இனிக்கும். அந்த இடத்தில் சொல்ல வேண்டிய பதில்: "மிஸ்ஸும் நானும் ஒரே வேலை செய்யறோம். அவங்க மேல குறை இருந்தா மூணு பேரும் உக்காந்து கதைப்போம்." அன்று மாலையே சக ஊழியரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். இரகசியம் வளரும் இடத்தில்தான் கட்சி வளரும்.

சரி, வரம்பு எப்படிப் போடுவது? முதல் சந்திப்பிலேயே போட வேண்டும், பிரச்சினை வந்த பிறகு அல்ல. பிரச்சினை வந்த பிறகு போடும் விதி தண்டனையாகத்தான் தெரியும். ஒரு பக்கத் தாள் போதும். நான் என்ன செய்வேன்: வேலை தேட உதவுவேன், முதலாளியோடு பேசுவேன், முதல் வாரங்களில் வேலை இடத்துக்கு வருவேன். என்ன செய்யமாட்டேன்: கடன் கொடுக்கமாட்டேன், பொய்யாகக் கடிதம் தரமாட்டேன், உங்களுக்காக நானே வேலை செய்யமாட்டேன். தொலைபேசி எந்த நேரம் எடுப்பேன், அவசரம் என்றால் யாரை அழைப்பது, என் மேல் குறை இருந்தால் யாரிடம் சொல்வது. கடைசி வரியை மறக்க வேண்டாம். நம் மேல் முறைப்பாடு செய்ய வழி காட்டிவிட்டால், மிரட்டலுக்குப் பாதி வேலை இல்லாமல் போய்விடும். வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள். தமிழ் தெரிந்தவருக்குத் தமிழில், சிங்களம் தெரிந்தவருக்குச் சிங்களத்தில், காது கேளாதவருக்குச் சைகையில். எல்லோருக்கும் ஒரே தாள். உறவுக்காரருக்கு ஒன்று, தலைவரின் கடிதத்தோடு வந்தவருக்கு ஒன்று என்றால் தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

பலகாரம், காய்கறி விஷயம் கேட்பீர்கள். தோட்டத்து வீட்டில் கொடுப்பதை மறுத்தால் முகம் வாடும். நான் சொல்லும் விதி எளிது: அங்கே உட்கார்ந்து பிளேன்டீ குடிக்கலாம், கையில் எதுவும் கொண்டு வரக் கூடாது. ஒரு பலாக்காயில் என்ன கெட்டுவிடும் என்று தோன்றும். பலாக்காய் கொடுக்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளையின் பெயர் பட்டியலில் கீழே இறங்குவது அந்தப் பலாக்காயில்தான் தொடங்குகிறது.

அடுத்தது, "இல்லை" சொல்லும் முறை. நமது ஆட்கள் இரண்டு விதமாகச் சொல்வார்கள். "பாப்போம், பாப்போம்" என்று இழுப்பது ஒன்று, கத்திவிடுவது மற்றொன்று. முதலாவது நம்பிக்கையை வளர்த்து ஏமாற்றுகிறது, இரண்டாவது உறவையே அறுக்கிறது. சரியான "இல்லை"யில் மூன்று துண்டுகள் இருக்கும். அவர் நிலையைக் கேட்டுக்கொண்டேன் என்பது, முடியாதது எது என்பது, அடுத்து நடக்கப்போவது எது என்பது. ஒரு மாதிரி சொல்கிறேன்.

"சம்பளம் பிந்திருச்சுன்னு கோவமா இருக்கீங்க, விளங்குது தம்பி. காசு நான் தர ஏலாது, அது முதல் நாளே கதைச்சது. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் களஞ்சியத்துக்கு வாறேன், சம்பள நாளைப் பத்தி முதலாளிக்கிட்ட நீங்க கேளுங்க, நான் பக்கத்துல நிக்கிறேன்."

அதற்கு அவர் "அப்போ நீங்களும் அவங்க ஆள்தான்" என்பார். விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். "செவ்வாய் பத்து மணி தம்பி" என்று மட்டும் சொல்லுங்கள். செவ்வாய் பத்து மணிக்குக் கட்டாயம் போய் நில்லுங்கள். "இல்லை" என்ற சொல்லுக்கு மதிப்பு, சொன்ன நேரத்துக்கு வருவதில்தான் இருக்கிறது. நேரத்துக்கு வராத உத்தியோகத்தரின் வரம்பை யாரும் மதிக்கமாட்டார்கள், மதிக்கவும் வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை. வரம்பு போட்ட முதல் சில வாரங்களில் சத்தம் குறையாது, கூடும். முன்பு மூன்று அழைப்பில் கிடைத்தது இப்போது கிடைக்கவில்லை என்றால் மனிதர் பத்து அழைப்பு எடுத்துப் பார்ப்பார். பத்தாவது அழைப்பில் நாம் இளகினால், பத்து முறை அழைத்தால் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்துவிட்டோம். ஆகவே கடைசி வரை காக்க முடியாத வரம்பைப் போடாதீர்கள். சிறிதாகப் போடுங்கள், உறுதியாகக் காப்பாற்றுங்கள்.

மிளகுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள். கொடி ஏறக் கிளிரிசிடியாக் கம்பை நடுகிறோம். கம்பு மரமாகித் தழைத்தால் அப்படியே விடுவதில்லை. கிளையை வெட்டி வெளிச்சம் விடுகிறோம், இல்லாவிட்டால் கொடி பச்சையாகப் படர்ந்தாலும் காய் பிடிக்காது. வெட்டுகிறோம் என்பதற்காக யாரும் மரத்தைப் பிடுங்குவதும் இல்லை. நாம் அந்த மரமாக இருக்க வேண்டும்.

இந்த விதிகளுக்குள் அடங்காத இரண்டு விஷயங்கள் உண்டு. முதலாவது, "நான் செத்துப்போவேன்" என்ற பேச்சு. இதை ஒருபோதும் நாடகம் என்று எண்ணாதீர்கள். 1995 அளவில் உலகிலேயே தற்கொலை மிக அதிகமான நாடுகளில் இலங்கையும் ஒன்று. கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்த பிறகுதான் அந்த எண்ணிக்கை பெரிதாக இறங்கியது. மருந்துப் போத்தல் இன்னும் நமது ஊர்களில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. சும்மா சொல்கிறாரா, நிஜமாகச் சொல்கிறாரா என்று தீர்ப்புச் சொல்ல நமக்குத் தகுதி இல்லை. ஒவ்வொரு முறையும் ஒன்றைத்தான் செய்ய வேண்டும்: நேராகக் கேளுங்கள், தனியே விடாதீர்கள், வீட்டாருக்குச் சொல்லுங்கள், 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணை அழையுங்கள், வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். அதே நேரம் அந்தப் பேச்சுக்காக விதியை மாற்றாதீர்கள். உயிருக்கான பாதுகாப்பு உடனே கிடைக்கும். கடன், கடிதம், நள்ளிரவு வருகை எல்லாம் முன்பு சொன்னபடிதான். இப்படிச் செய்தால் நிஜமாகச் சொன்னவர் காப்பாற்றப்படுவார். காரியத்துக்காகச் சொன்னவருக்கும் அந்தப் பேச்சால் கிடைப்பது வைத்தியம் மட்டும்தான்.

இரண்டாவது, பாலியல் தொந்தரவு. தொந்தரவு செய்பவர் மாற்றுத்திறனாளி என்பதற்காக எந்தச் சகோதரியும் தொடுகையையோ ஆபாசச் செய்தியையோ பொறுத்துப் போக வேண்டியதில்லை. 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவு இதைக் குற்றம் என்கிறது. ஒரு முறை தெளிவாகச் சொல்லி, செய்தியை அழிக்காமல் வைத்து, அன்றே மேலதிகாரியிடம் தெரிவியுங்கள். அடுத்த வருகை இரண்டு பேராக. "பாவம், பொறுத்துக்கோ" என்று சொல்லும் நிர்வாகம் தன் ஊழியரை விற்கிறது. இதைத் திருப்பியும் சொல்ல வேண்டும். நம் ஆட்களில் ஒருவர் ஒரு மாற்றுத்திறனாளிப் பெண்ணிடம் "வேலை வேணும்னா" என்று தொடங்கினால் அதுவும் அதே குற்றம், அதைவிடப் பெரிய துரோகம். அதிகாரம் நம் கையில் இருக்கிறது. உறவைக் கெடுக்கும் வசதியும் நமக்குத்தான் அதிகம்.

முதலாளிமாரையும் விட்டுவிடக் கூடாது. "உங்க ஆள் இன்னைக்கு முறைக்கிறான், வந்து பாருங்க" என்று எல்லாவற்றுக்கும் நம்மை அழைப்பவர் உண்டு. பாவம் பார்த்து வேலை கொடுத்தேன் என்று சொல்லிக்கொண்டு பாதிச் சம்பளம் கொடுப்பவர் உண்டு. அங்கே வேலை செய்யும் மனிதர் சத்தம் போட்டால் அதற்குப் பெயர் சூழ்ச்சி அல்ல, கூலி கேட்பது. யார் பக்கம் நியாயம் என்று பார்க்காமல் "அனுசரிச்சுப் போங்க" என்று சொல்வது நமது வேலை இல்லை.

கடைசியாக நிர்வாகம் செய்பவர்களுக்கு. அமெரிக்காவில் ரொபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் இருவரும் 1990களில் கடும் மனநோய் உள்ளவர்களுக்கான ஒரு வேலைவாய்ப்பு முறையை வகுத்தார்கள். முதலில் வேலை, பிறகு வேலை இடத்திலேயே ஆதரவு என்பது அதன் அடிப்படை. அதில் ஓர் உத்தியோகத்தருக்கு 20 பேருக்கு மேல் கொடுக்கக் கூடாது. நமது நாட்டில் 1994 முதல் தேசியத் திட்டமாக நடக்கும் சமுதாய அடிப்படையிலான புனர்வாழ்வில், ஒரு பிரதேசத்தின் பாரமே சிலர் தோளில் கிடக்கிறது. களைத்தவருக்கு வரம்பு காக்கத் தெம்பிருக்காது, ஒன்று இளகுவார் அல்லது எரிந்து விழுவார். இருபதுக்கு நாளை இறங்க முடியாவிட்டாலும், மாதம் ஒரு முறை உட்கார்ந்து கஷ்டமான கோப்புகளைச் சேர்ந்து பேசும் கூட்டத்தை இந்த மாதமே தொடங்கலாம். அதற்குச் செலவு ஒரு போத்தல் பிளேன்டீ.

இவ்வளவும் செய்தும் சிலர் மாறமாட்டார்கள். அப்போது என்ன என்று கேட்க ஒருவர் கையை உயர்த்தப்போகிறார் என்று தெரியும். விலக வேண்டிய நேரமும் உண்டு. மிரட்டல் நிற்கவில்லை என்றால், கைநீட்டல் வந்துவிட்டது என்றால், நிறுத்துங்கள். நிறுத்துவதை ஒளிந்துகொண்டு, அழைப்பை எடுக்காமல் செய்யாதீர்கள். காரணத்தை எழுத்தில் கொடுங்கள், முறைப்பாடு செய்யும் இடத்தைக் கொடுங்கள், எப்போது எந்த நிபந்தனையில் திரும்பி வரலாம் என்று தேதியோடு எழுதுங்கள். வேலை செய்யும் உரிமை நல்ல குணத்துக்குக் கிடைக்கும் பரிசு அல்ல. குணம் கெட்டவருக்கும் அது உண்டு. அந்தத் தேதியில் அவர் திரும்பி வந்தால், அதே தாளை மறுபடியும் எடுத்து முதல் வரியிலிருந்து வாசியுங்கள்.